இருநூற்றுப் பதினெட்டாவது வரி

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யைக்கு நாற்பத்தேழு. மாற்றிச் சொல்லிவிட்டதாக நினைத்து யாரும் திருத்த வேண்டாம். அப்படித்தான் நடந்தது.

குருவின் பெயர் இசக்கிராஜ். பாளையங்கோட்டையில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஏதாவது கேட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருப்பான். அப்புறம் பதில் சொல்லாமல் வேறெதையாவது செய்வான். அதனால் ஆபீஸில் அவனுக்குச் சாமியார் என்று பெயர். தாடி, காவி எதுவும் கிடையாது, கட்டம் போட்ட சட்டைதான்.

சிஷ்யை அமலோற்பவம். பதினெட்டு வருஷம் கோர்ட் வாசலில் மனு டைப் அடித்தவள். கம்ப்யூட்டர் வந்து அந்தப் பிழைப்பைத் தின்றபோது அவள் ஒப்பாரி வைக்கவில்லை. தின்றது எதுவோ அதையே கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டாள். ஊர்ப் பெயர்களையும் போன் நம்பர்களையும் ஏற்றுகிற வேலைக்குத்தான் இந்த மாடிக்கு வந்தாள். மூன்றாம் மாதம் இசக்கிராஜின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"தம்பி, அந்தக் கருப்புத் திரையில என்ன எழுதுதிய?"

அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். தீட்சை அவ்வளவுதான்.

அவன் கற்றுக்கொடுத்தது கிட். ஒரு புரோகிராமைப் பலர் சேர்ந்து எழுதும்போது, எந்த வரியை யார், என்றைக்கு, எதற்காக மாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் நினைவில் வைத்துக்கொள்ளும் கருவி. மௌஸ் வேண்டாம், கட்டளையை அடித்தால் போதும். அடிப்பது என்றால் அமலோற்பவத்துக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ கமிட் போடணும், தம்பி?" என்று ஒரு நாள் கேட்டாள். செய்த மாற்றத்தைத் தன் பெயரோடு பதிந்து வைப்பதற்குத்தான் கமிட் என்று பெயர்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ நெசத்தச் சொல்லணும்க்கா?"

"கேள்விக்குக் கேள்வியா? பிச்சுப்புடுவேன்."

சாமியாரை அதட்டக்கூடிய ஒரே ஆள் அந்த ஆபீஸில் அவள்தான்.

இன்னொரு நாள் அவள் ஒரு நம்பரைத் தப்பாக ஏற்றிவிட்டாள். தானே கண்டுபிடித்து, தானே திருத்தப் போனபோது அவன் தடுத்தான். ஷமீமாவைத் திருத்தச் சொன்னான். ஷமீமா திரைகளுக்கு வடிவம் போடுகிற பெண்.

"நான் செஞ்ச தப்ப நான் திருத்தக் கூடாதா?"

"உங்க முதுகுல என்னக்கா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஷமீமாட்ட கேளுங்க."

ஷமீமா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். புதிதாக வெள்ளையடித்த மாடிப்படிச் சுவரில் சாய்ந்து வந்திருக்கிறாள், சேலை முழுக்கச் சுண்ணாம்பு. அன்றிலிருந்து அந்த ஆபீஸில் அது வழக்கமாகிவிட்டது. ஒருவருடைய பிழையை இன்னொருவர் கைதான் திருத்தும். பிழை செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்று பேருக்கும் மூன்று வகை மெஷின். இசக்கிராஜ் வைத்திருந்தது லினக்ஸ் போட்ட ஒரு பழைய லேப்டாப். ஷமீமாவுடையது மேக். அமலோற்பவத்துக்குக் கிடைத்தது யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு விண்டோஸ் லேப்டாப். அதில் கிட்டை ஏற்றிக்கொடுத்ததே இசக்கிராஜ்தான். மூன்றிலும் ஒரே கட்டளையை அடித்தால் ஒரே பதில் வரும் என்று அவள் நம்பியிருந்தாள். நம்பிக்கைக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கும்.

கம்பெனி செய்துகொடுத்த வேலை ஓர் அணைக்கட்டுக்கானது. ஷட்டரை எத்தனை மணிக்குத் திறக்கப்போகிறோம் என்று அணையில் பதிவார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆற்றோரக் கிராமங்களின் போன்களுக்கு எச்சரிக்கை போய்விடும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மதியம் பன்னிரண்டரைக்கு ஷட்டரைத் திறந்தார்கள். பதினொன்றரைக்குப் போக வேண்டிய எச்சரிக்கை போகவில்லை. கீழ்க்கரையாபுரம் படித்துறையில் சாக்கு அலசிக்கொண்டிருந்த நான்கு பெண்களைச் சுற்றித் தண்ணீர் ஏறிவிட்டது. நடு ஆற்றுப் பாறையில் ஏறி, சேலைகளால் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு மூன்றரை மணி நேரம் நின்றார்கள். தீயணைப்புக்காரர்கள் கயிறு போட்டு இழுத்தபோது ஒருத்திக்குக் கை ஒடிந்தது. உயிர் போகவில்லை என்பது ஆற்றின் புண்ணியம்.

எச்சரிக்கை வராமல் இல்லை. அன்று ராத்திரி பதினொன்றரைக்கு வந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஷட்டர் திறக்கப்படும், யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்றது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவள் அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ரொம்ப சந்தோசம்" என்றாளாம்.

மறுநாள் காலை கம்பெனி முதலாளி கோமதிநாயகம் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். இருநூற்றுப் பதினெட்டாவது வரியில்தான் கோளாறு என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தார்கள். மதியத்துக்கு மேற்பட்ட நேரம் என்றால் பன்னிரண்டைக் கூட்டு என்று அந்த வரி சொன்னது. ஒரு மணியோடு கூட்டினால் ரயில்வே நேரக் கணக்கில் பதின்மூன்று, சரிதான். பன்னிரண்டரையோடு கூட்டினால் நள்ளிரவு தாண்டிப் போய்விடும். அதை அந்த வரி யோசிக்கவில்லை.

கிட்டில் ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயரைக் காட்டும். அதை உண்டாக்கியவர்கள் அதற்கு வைத்த பெயருக்கே பழி சொல் என்றுதான் அர்த்தம். கோமதிநாயகம் அந்தக் கட்டளையை அடித்து, திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

அந்த வரிக்குப் பக்கத்தில் அமலோற்பவம் என்று இருந்தது.

"டைப் அடிக்க வந்த பொம்பளைகிட்ட புரோகிராமக் குடுத்தா இப்பிடித்தான் ஆவும்," என்றார்.

"நான் இந்த வரிய எழுதல சார்."

"பேரு இருக்கு. தேதி இருக்கு. கிட் பொய் சொல்லுமா?"

"ஆயிரம் கேசுக்கு மனு அடிச்சிருக்கேன். அடிச்சது நாங்கறதுக்காக அந்தக் கொலையெல்லாம் நானா பண்ணேன்?"

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். கோமதிநாயகத்துக்கு முகம் சிவந்தது.

"நாலு மணிக்கு அணையிலேர்ந்து விசாரணைக்கு வாராங்க. அதுக்குள்ள ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. என் கவனக்குறைவுன்னு. குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருங்க."

"எழுத மாட்டேன்."

"எழுதலன்னா நான் சொல்லுவேன்."

"நீங்க என்ன வேணாலும் சொல்லிக்கிடுங்க. என் கையால எழுத மாட்டேன்."

அதற்கப்புறம் அவர் பேசியதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. அரை மணி நேரம் பேசினார். அவள் வயதைப் பற்றி, படிப்பைப் பற்றி, நன்றி விசுவாசத்தைப் பற்றி. அமலோற்பவம் இசக்கிராஜைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவளுக்கு முதலாளி பேசியதையெல்லாம் விட வலித்தது.

வெளியே வந்ததும் நேராக அவன் மேசைக்குப் போனாள்.

"நான் எழுதலன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

அவன் அவளுடைய லேப்டாப்பை எடுத்து வந்து தன் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஓனர் ஒரு வரியத்தான் காட்டுனாரு. நீங்க முழுசாப் பாருங்க."

பார்த்தாள். முதல் வரியில் அவள் பெயர். இரண்டாவதில் அவள் பெயர். கீழே, கீழே, கீழே போய்க்கொண்டே இருந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு வரி, அத்தனையிலும் அமலோற்பவம். எல்லாவற்றுக்கும் ஒரே தேதி, ஆவணியில் ஒரு திங்கட்கிழமை.

"அன்னைக்கி நான் ஒரே ஒரு ஊர்ப் பேரத்தான் மாத்துனேன். எழுத்துப் பிழை. இதென்ன, சர்ச்சுக்கு உபயம் எழுதின மாதிரி எல்லாத்துலயும் என் பேரு?"

"ஏன்னு பாருங்க."

"உங்களுக்குத் தெரியும். சொல்லித் தொலைங்களேன்."

அவன் தன் லேப்டாப்பில் ஒரு கட்டளையை அடித்தான். கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் காட்டுகிற கட்டளை. அவள் தொடுவதற்கு முந்தைய ஃபைல் இடது பக்கம், தொட்ட பிறகு வலது பக்கம். இடது பக்கத்தில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு குறி. வலது பக்கத்தில் அதே இடத்தில் இரண்டு. எலிக்கு வால் முளைத்த மாதிரி எல்லா வரியிலும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அமலோற்பவம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கை தானாக எழுந்து காற்றில் எதையோ ஒரு தள்ளு தள்ளியது.

"ஏ மாதாவே," என்றாள்.

"சொல்லுங்க."

"டைப் மெஷின்ல வரி முடிஞ்சா ரெண்டு வேல. வண்டியத் திரும்பத் தள்ளணும், பேப்பர ஒரு வரி ஏத்தணும். ரெண்டுக்கும் ரெண்டு குறி. என் விண்டோசு ரெண்டையும் எழுதி வைக்குது. உங்க மெஷினு ஒண்ணு போதும்னு விட்டுட்டுது."

"ஷமீமாவோடதும் ஒண்ணுதான்."

"அப்ப நான் ஃபைலத் தொறந்து மூடுனதும் என் மெஷினு எல்லா வரிக்கும் வால ஒட்டிட்டு. கிட்டு பாத்துது. எல்லா வரியும் மாறிருக்கேன்னு எல்லாத்துலயும் என் பேரப் போட்டுட்டு."

"ஆமா."

"இப்பிடி ஆவாம இருக்க ஒரு செட்டிங் இருக்குமே?"

"இருக்கு."

"என் மெஷின்ல செட் பண்ணித் தந்தது யாரு?"

"நாந்தான். அத மட்டும் விட்டுட்டேன்."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அவளுடைய அம்மா அடிக்கடி சொல்வாள். அந்தப் பாவம் எங்கே என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

"வாலக் கண்டுக்கிடாம, அதுக்கு அடியில உள்ள பேரக் காட்டச் சொல்ல முடியுமா?"

"முடியும். அதே கட்டளைதான். கடைசில ஒரு எழுத்துக் கூடும்."

அவன் கட்டளையை அடித்தான். கடைசி எழுத்தை விட்டுவிட்டு, எது என்று சொல்லிவிட்டு, கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினான். திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தான். ஏன் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

அடித்தாள்.

பெயர்கள் மாறின. ஷமீமா வந்தாள். வேலையை விட்டுப் போன இரண்டு பேர் வந்தார்கள். ஆவணித் திங்கட்கிழமையில் அமலோற்பவத்துக்கு மிஞ்சியது ஒரே ஒரு ஊர்ப் பெயர். சந்தோஷத்தில் அவளுக்குச் சத்தம் போட வேண்டும் போல் இருந்தது. இருநூற்றுப் பதினெட்டுக்கு இறங்கினாள்.

சத்தம் வரவில்லை.

"வாய் விட்டுப் படிங்கக்கா," என்றான்.

"இசக்கிராஜ்," என்று படித்தாள். "மூணு வருசத்துக்கு முந்தி. மாசி பதினொண்ணு."

பாத்திரக்கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மாடி வரை வந்தது.

"எப்பத் தெரியும்?"

"காலைல ஓனர் அந்த வரிய வாசிச்சப்பவே. என் கை எனக்குத் தெரியாதா?"

"அரை மணி நேரம் என்ன நாற அடிச்சாரு. பாத்துட்டு நின்னீய."

"ஆமா."

"ஏன்?"

"பயந்துட்டேன்க்கா."

இத்தனை நாளில் அவன் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இவனையா குரு என்று கும்பிட்டேன் என்று தோன்றியது. ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றுகூட நினைத்தாள். வயதுக்கு அவள் வைத்தாலும் தப்பில்லை.

"அப்ப இத ஏன் எனக்குக் காட்டுனீய? பயந்தவன் பொத்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான?"

"நான் வாயால சொன்னா எம்மேல உள்ள நம்பிக்கையில அப்பிடியே ஏத்துக்கிடுவீங்க. உங்க கையாலயே பாக்கணும்னு இருந்துது."

அவள் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க. ஓனரும் பாக்கட்டும்."

கோமதிநாயகம் பார்த்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அடிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். காலையில் திறந்து கிடந்த அதே கதவுதான்.

"இது இந்த ரூம விட்டு வெளிய போவக் கூடாது," என்றார். குரல் தேனாக இறங்கியிருந்தது. "அம்மா, கொஞ்சம் பொறுமையா யோசிங்க. இசக்கி பேரு அடிபட்டா கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான். நீங்கன்னா யாரு கேக்கப் போறா? லெட்டரக் குடுங்க. ஆறு மாசம் கழிச்சு நானே கூப்புட்டு வேல தாரேன்."

"காலைல நான் தப்பு செஞ்சவன்னு எழுதச் சொன்னீய. இப்ப செய்யலன்னு தெரிஞ்ச பொறவும் எழுதச் சொல்லுதிய."

"கம்பெனிக்காவத்தான்."

"எழுத மாட்டேன்."

அவர் இசக்கிராஜ் பக்கம் திரும்பினார்.

"ஏல இசக்கி. பழசு பூராத்தையும் அழிச்சிட்டு இன்னைக்குத் தேதில புதுசா ஏத்திரு. யாரு எழுதுனான்னே தெரியக் கூடாது. ஒரு கமாண்டுதான?"

"ஒரு கமாண்டுதான்."

"பெறவென்ன?"

"சர்வர்ல அழிச்சாலும் ஷமீமா மெஷின்ல முழுசா இருக்கும். அக்கா மெஷின்லயும் இருக்கும். ஆரம்பத்துலேர்ந்து எல்லாக் கதையும் ஒவ்வொருத்தர்ட்டயும் இருக்கு சார். கிட் அப்பிடித்தான்."

கோமதிநாயகம் கையை நீட்டினார்.

"அதக் குடுங்க இங்க."

அமலோற்பவம் லேப்டாப்பை மூடினாள். எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். லேப்டாப்பை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"அது கம்பெனி சொத்து."

"மெஷினு கம்பெனியோடது. உள்ள இருக்க பேரு எங்கப்பா வச்சது."

"நாலு மணிக்கு ஆள் வந்துரும். வெளையாடாதீங்க."

"வரட்டும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? மடியிலேர்ந்து இத எடுக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க."

அவளைத் தூக்குவது அவரால் ஆகிற காரியம் இல்லை. மறுபடி இசக்கிராஜிடமே திரும்பினார். கெஞ்சலும் மிரட்டலும் பாதிக்குப் பாதி.

"நீ சொன்னா அவ கேப்பால. அழிக்கப் போறியா இல்லையா?"

அமலோற்பவம் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் உதவி கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன் சார்," என்றான்.

"ஏன்ல?"

"நாலு பேரு பாறைல நின்னத எந்தக் கமாண்டு போட்டு அழிக்க?"

கோமதிநாயகம் போய்ச் சாத்திய கதவைத் திறந்துவிட்டார்.

நாலு மணிக்கு அணையின் உதவிப் பொறியாளர் வந்தார். முட்டுவரை சேறு ஏறிய காலோடு வந்த ஒரு அம்மா. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"அந்த வரிய எழுதுனது யாரு?"

கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார். அவர் ஆரம்பிப்பதற்குள் இசக்கிராஜ் எழுந்து நின்றுவிட்டான்.

"நாந்தான் மேடம்."

"காலைல போன்ல வேற பேரு சொன்னாங்களே?"

அமலோற்பவம் மடியிலிருந்த லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். முதலில் தன் பெயரைக் காட்டினாள். பிறகு அந்த ஒரு எழுத்தைச் சேர்த்து அடித்துக் காட்டினாள். வால் எப்படி ஒட்டியது என்று மூன்றே வாக்கியத்தில் சொன்னாள். அவனுக்காகக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பொறியாளர் நோட்டில் இசக்கிராஜ் என்று எழுதிக்கொண்டார். அப்பா பெயர் கேட்டார். அதையும் எழுதிக்கொண்டார்.

"நாளைக்கும் தண்ணி வருது," என்றார் எழுந்துகொண்டே. "மதியம் பன்னிரண்டேகாலுக்குத் திறக்கோம். நாங்க தண்டோராவும் போட்டுருவோம். ஆனா அதுக்குள்ள இது சரியாயிருக்கணும். சரியாயிருமா?"

"ஆயிரும்," என்றாள் அமலோற்பவம்.

அவர் படி இறங்கியதும் கோமதிநாயகம் இசக்கிராஜைப் பார்த்தார்.

"நாளைலேர்ந்து வராத."

"சரி சார். இன்னைக்கு இருக்கேன்லா?"

அவன் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். முதல் வேலையாக ஒரு சின்ன ஃபைலை எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான். எந்த மெஷினிலிருந்து வந்தாலும் சரி, உள்ளே பதியும்போது வரிக்கு ஒரு குறிதான் என்று அது சொன்னது. பிறகு அறுநூற்றுப் பன்னிரண்டு வரியிலும் தொங்கிய வாலை ஒரே வெட்டில் வெட்டி, கமிட் போட்டான். என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று அதில் எழுதியும் வைத்தான்.

அமலோற்பவம் பழி சொல்லும் கட்டளையை அடித்துப் பார்த்தாள். முதல் வரியில் இசக்கிராஜ். இரண்டாவதில் இசக்கிராஜ். கீழே வரைக்கும் இசக்கிராஜ்.

"இப்ப எல்லாம் உங்க தலையில."

"வெட்டுனவன் பேருதான விழும்."

அவன் எழுந்து, தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளினான். தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். வழக்கம் அதுதானே. அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்தாள்.

இருநூற்றுப் பதினெட்டாவது வரியைத் திருத்தினாள். மதியத்துக்கு மேற்பட்ட நேரமாக இருந்து, மணி பன்னிரண்டாக இல்லாவிட்டால் மட்டும் பன்னிரண்டைக் கூட்டு. பன்னிரண்டேகால் என்று கொடுத்துப் பார்த்தாள். எச்சரிக்கை பகல் பதினொன்றேகாலுக்குப் போவேன் என்றது. ஒரு மணி, பன்னிரண்டரை, காலை ஆறு மணி, எல்லாம் கொடுத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. தன் விண்டோஸ் மெஷினுக்கு மாறி அங்கேயும் பார்த்தாள், ஷமீமாவைக் கூப்பிட்டு மேக்கிலும் பார்க்கச் சொன்னாள்.

பிறகு கமிட் கட்டளையை அடித்தாள். விரல் என்டருக்கு மேல் போய் நின்றுவிட்டது.

"தம்பி."

"ம்."

"இத அடிச்சா அந்த வரில என் பேரு வந்துரும்லா?"

"வரும்."

"காலைலேர்ந்து அந்த வரில என் பேரு இருக்கக் கூடாதுன்னுதான் மல்லுக்கு நின்னேன்."

"ஆமா."

"இப்ப நானே எழுதணுமா?"

அவன் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தான். மேற்கே மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. கீழ்க்கரையாபுரம் படித்துறையில் நாளைக்கும் யாராவது துவைக்க வருவார்கள். தண்டோரா கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும்.

அமலோற்பவம் என்டரை அடித்தாள்.

ஒரு வரி மாறியிருக்கிறது என்றது திரை. ஒரே ஒரு வரிதான். அறுநூற்றுப் பதினோரு வரிக்குப் பக்கத்தில் அவன் பெயர், இருநூற்றுப் பதினெட்டில் மட்டும் அமலோற்பவம் என்று அவள் பெயர்.

இசக்கிராஜ் டிபன் டப்பாவைப் பையில் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"அப்ப அந்த வரில உங்க பேரு?" என்று அவள் கேட்டாள்.

"அடியில இருக்கு."

"நாளப்பின்ன எவனாவது தோண்டிப் பாத்தா?"

அவன் வாசலில் செருப்பைத் தேடி மாட்டினான்.

"தோண்டட்டும்."